முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண்

முத்து,

நீ ஐரோலிக்குக் குடிபோய்ப் பதினோரு நாள் ஆகிறது. நானாக போன் பண்ணக்கூடாது, நீ பண்ணும்போதுதான் பேசவேண்டும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தப்படியே நடக்கிறேன். கடிதம் எழுதக்கூடாது என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ இந்தி மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். எனக்கோ இந்தி வாயில் வரும், கையில் வராது. ஆகவே அவசரம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசி. அதுவும் முடியவில்லை என்றால் உறையோடு தலையணைக்கு அடியில் போட்டு வை. வாசித்தாயா, வாசித்தாயா என்று நான் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது உன் அம்மாவுக்குத்தான் தெரியும்.

புத்தி சொல்வதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. சொல்லத்தான் செய்வேன், என் வாய் சும்மா இருக்காது, ஆனால் காரியம் வேறு. மூன்று மாதம் நீயாக எழுந்து, நீயாகக் குளித்து, நீயாகக் கேன்டீன் வேலைக்குப் போய் வந்தால்தான் அந்த அறையும் வேலையும் உனக்கு நிலைக்கும் என்று உங்கள் குழுவை நடத்தும் ரேவதி மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். இல்லையென்றால் நீ சுனாபட்டி வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும், உன் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும். நீ தவறிவிடுவாயோ என்று எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம், நான் குறுக்கே விழுந்து கெடுத்துவிடுவேனோ என்பது. ஒருமுறை கெடுத்தவன் நான். அதை முழுதாக ஒருதரம் எழுதிவிட்டால் மறுபடி செய்யமாட்டேன் என்று ஒரு நம்பிக்கை.

தாராவியில் கீழே அறையும் மேலே பட்டறையுமாக நாம் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நான் கட்டிங் மாஸ்டர். நாற்பது மடிப்புத் துணியை மேசையில் விரித்து, மேல் துணியில் சாக்பீஸால் அளவு போட்டு, மெஷின் கத்தியை விட்டால் நாற்பது சட்டையும் ஒரே வெட்டில் விழும். பதினான்கு காரிகர்கள் தைப்பார்கள். காலை எட்டு மணிக்குக் கத்தி ஓடவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்ட வீட்டில், பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு மத்தியானம் நீ ஏணியில் ஏறி வந்து எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னாய். மெஷின்கள் உன் பெயரைச் சொல்லித் திட்டுகின்றன என்றாய். காரிகர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குப் பாதி தெரியும். சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று ஊருக்குக் கூட்டிப்போய் மூன்று மாதம் வீணாக்கினோம். திரும்பி வந்து பெரியாஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் ஸ்கிசோஃப்ரினியா என்றார். அந்தப் பெயர் என் வாயில் நுழைய ஒரு வருஷம் ஆனது. மாத்திரையில் குரல்கள் மெல்ல மெல்ல அடங்கின. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரி, பையன் மீண்டுவிட்டான், இனி படிப்பை முடிப்பான், இல்லையென்றால் பட்டறைக்கு வருவான் என்று கணக்குப் போட்டேன். நீயோ எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவன் ஒரு வருஷம், இரண்டு வருஷம், கடைசியில் ஒன்பது வருஷம் படுத்திருந்தாய். குளிக்கச் சொன்னால் குளித்தாய். சொல்லாவிட்டால் இல்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டாய். ‘அதான் சொகமாயிட்டாம்லா, பெறகு எதுக்கு இப்படிக் கெடக்கான்?’ என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டார்கள். நோய் தெரியும்படி இருந்தபோது பரிதாபப்பட்ட அதே ஆட்கள்தான். அவர்களைவிட மோசமாகக் கேட்டவன் நான்.

ஒருநாள் காலையில் ஒரு செம்புத் தண்ணீரை உன் முகத்தில் ஊற்றினேன். மேலே பட்டறையில் இருந்து ஏணி வழியாக இரண்டு காரிகர்கள் எட்டிப் பார்த்தார்கள். ‘சோம்பேறிப் பயலே, ஒன் வயசுல ஒங்கப்பன் என்ன செஞ்சான் தெரியுமால?’ என்று கத்தினேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். தலையைத் துடைக்கவில்லை. தண்ணீர் உன் மூக்கில் இருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. ‘துடைக்கணும்னு தோணலப்பா’ என்றாய். நீ என்னை எதிர்த்துப் பேசுகிறாய் என்று நினைத்தேன். உள்ளதைத்தான் சொன்னாய் என்று தெரிய எனக்கு இன்னும் நாலு வருஷம் பிடித்தது. அன்றைக்கு உன் அம்மா துண்டை எடுத்து வந்து உன் தலையைத் துவட்டினாள், என்னோடு எட்டு நாள் பேசவில்லை. அந்தத் தண்ணீருக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

பட்டறையை விட்டுவிட்டு நாம் சுனாபட்டிக்கு வந்த பிறகுதான், உனக்கு மாத்திரை எழுதும் டாக்டரம்மா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் நடக்கும் குழுவைப் பற்றிச் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள், எட்டுப் பேர், எல்லாரும் உன்னைப் போலவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எல்லாரும் வீட்டில் திட்டு வாங்கினவர்கள். ஏதோ கைத்தொழில் கற்றுக் கொடுப்பார்கள் என்று நினைத்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முதல் நாள் ரேவதி மேடம் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கையில் வைத்திருக்கச் சொன்னார். உரிக்கக் கூடாது. உரித்தால் என்ன வாசனை வரும், நாக்கில் வைத்தால் எப்படி இருக்கும் என்று முதலில் நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு, இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று பல்லைக் கடித்தேன்.

உன் பக்கத்தில் இருந்த பாண்டுரங், நாற்பது வயது ஆள், பழத்தை முகர்ந்துவிட்டு ‘கட்டா ஹோகா’ என்றார், புளிக்கும் என்று. உன் முறை வந்தது. ‘எனக்கு ஒண்ணும் தோணல மேடம்’ என்றாய். பிறகு எல்லாரும் உரித்துச் சாப்பிட்டீர்கள். மேடம் மறுபடி கேட்டார். நீ ஒரு சுளையை மென்றுகொண்டே ‘நல்லாருக்கு’ என்றாய், இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டாய். மேடம் உன் இரண்டு வார்த்தையையும் பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு வெளியே வந்து என்னிடம் பாலக்காட்டுத் தமிழில் மெதுவாகச் சொன்னார். ‘பாருங்கோ மாமா, அவனுக்குப் பிடிக்காம இல்லை. சாப்பிடறச்சே ருசி தெரியறது. ஆனா பிடிக்கும்னு முன்னாடியே மனசு சொல்ல மாட்டேங்கறது. நமக்கெல்லாம் டீக்கடையைப் பாத்தாலே நாக்கு ஊறி கால் தானா அங்க போறது இல்லையா, அந்த ஊறல் இவாளுக்கு வரதில்லை. அது நோயோட ஒரு பாகம். சோம்பேறித்தனம் இல்லை. பழகப் பழக வரும்.’

மாட்டுங்காவில் இருந்து சயான் வரை நாம் நடந்தே வந்தோம். ஒன்பது வருஷமாக ஒரு மனிதனை அவனிடம் இல்லாத ஒரு குற்றத்துக்காகத் திட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்த உடனே திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் அடுத்தபடியாக வேறொரு தப்பு செய்தேன், அதுவும் பாசத்தில் செய்தேன், அதனால்தான் அது அதிக நாள் நடந்தது.

அந்தத் தாள் உனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு தாள். செய்யப் போகிற சின்னக் காரியம் ஒன்றை நீயே தேர்ந்தெடுத்து முதல் கட்டத்தில் எழுதவேண்டும். அது எவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கிறாய் என்பதற்குச் சைபரில் இருந்து பத்துக்குள் ஒரு எண் இரண்டாவது கட்டத்தில். காரியத்தைச் செய்துவிட்டு வந்த பிறகு, உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று இன்னொரு எண் மூன்றாவது கட்டத்தில். எல்லாமே பென்சிலால். முனை டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்து முடிப்பது என்று முதல் வாரம் எழுதினாய். முன்னால் சைபர், பின்னால் இரண்டு. ஃபைவ் கார்டன் பெஞ்சில் கால் மணி நேரம் உட்காருவது. முன்னால் சைபர், பின்னால் ஒன்று. அம்மாவுக்கு வாழைப்பழம் வாங்கி வருவது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அந்தத் தாளை நீ ஃப்ரிட்ஜ் மேல் வைப்பாய். நான் எடுத்துப் பார்ப்பேன். பத்துக்கு இரண்டா? பத்துக்கு ஒன்றா? பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய மார்க்கைப் பார்ப்பது போலவே பார்த்தேன்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காரிகருக்குக் காய்ச்சல், கை ஓடவில்லை என்றால் அவன் தைக்கவேண்டிய துணிப் பண்டல் நின்றுபோகும். பண்டல் நின்றால் அடுத்தவனுக்கு வேலை போகாது. அதனால் மாஸ்டர் அந்தப் பண்டலைத் தானே உட்கார்ந்து முடித்து, சீட்டில் அவன் பெயரையே எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். எல்லா மாஸ்டரும் செய்வார்கள். யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். அது ஒரு கை தளர்ந்தவனை இன்னொரு கை தாங்குவது. முப்பத்தைந்து வருஷம் அப்படியே செய்தவன், உன் தாளையும் அப்படியே எடுத்தேன். ரப்பரால் இரண்டை அழித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். அடுத்த வாரம் ஒன்றை அழித்துவிட்டு ஏழு. நீ எழுதுகிற மாதிரியே சாய்த்து எழுதினேன். அளவு பார்த்து வெட்டுகிற கை அல்லவா, சுத்தமாக வந்தது. தாளை மடித்து உன் பையில் நானே வைத்தேன். நீ அதைப் பிரித்துப் பார்க்காமலே கொடுத்திருக்கிறாய்.

உன் அம்மா ஒருநாள் அடுப்படியில் இருந்து பார்த்துவிட்டாள். ‘என்ன, பரீச்ச எழுதுதீய?’ என்றாள். ‘ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு’ என்றேன். ‘தெரியாதுதான். ஆனா அவன் குடிச்ச டீ எப்பிடி இருந்துச்சுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?’ என்று கேட்டாள். நான் கோபப்பட்டேன்.

மேடம் உன் எண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மூன்று மாதத்தில் எட்டு, ஒன்பது என்று போகிற ஆள் குழுவில் வேறு யாரும் இல்லை. அதனால் உன்னை அடுத்த படிக்கு ஏற்றினார். ஐரோலியில் ஒரு அலுவலகக் கட்டிடத்தின் கேன்டீனில் ஒருநாள் வேலை பார்த்துவிட்டு வரவேண்டும். சுனாபட்டியில் ரயில் ஏறி, வாஷியில் இறங்கி, தானே என்ற ஊருக்குப் போகிற ரயிலுக்கு மாறி, ஐரோலியில் இறங்கவேண்டும். தனியாக. அது அவர் தப்பு இல்லை. அவர் கையில் இருந்தது என் அளவு. தப்பு அளவைப் போட்டுக் கத்தியை விட்டால் நாற்பது மடிப்பும் சேர்ந்து கெடும் என்று எனக்குத் தெரியாததா என்ன!

அன்று காலை ஏழரைக்கு நீ கிளம்பினாய். இஸ்திரி போட்ட சட்டை. பத்து மணிக்குக் கேன்டீன்காரர் மேடத்துக்கு போன் பண்ணி, ஆள் வரவில்லை என்றார். மேடம் எனக்கு போன் பண்ணினார். உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கித் தேடினேன். மத்தியானம் மூன்று மணிக்கு வாஷி பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்தேன். ஒரு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆறேழு மணி நேரத்தில் எத்தனை தானே ரயில் உன் எதிரில் வந்து போயிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ‘ஏறணும்னு நெனச்சேம்ப்பா. கால் வரல’ என்றாய். உன் சட்டை முழுவதும் வேர்வை. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. நான் அழுதால் நீ பயந்துவிடுவாய் என்று வாழைப்பழம் விற்கிறவன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். மூன்று வாரம். பழைய மாதிரியே. குழுவுக்கு வரமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். உன் அம்மா என்னை அடுப்படிக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள். ‘அன்னைக்கு அவனா போனான்? ஒங்க நம்பர்லா போச்சு. ஒங்க எட்டும் ஒம்பதும்தான் சட்ட போட்டுக்கிட்டுப் போச்சு. நம்பருக்கு ரயில் மாறத் தெரியுமாய்யா?’ என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னை ‘யா’ போட்டுப் பேசியது அந்த ஒருமுறைதான். மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் மட்டும் மாட்டுங்காவுக்குப் போனேன்.

ஹாலில் ஏழு பேரும் மேடமும் இருந்தார்கள். உன் நாற்காலி காலியாக இருந்தது. நான் அதில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். இந்தியில் சொன்னேன், எல்லாருக்கும் புரியவேண்டும் என்று. முத்துவின் தாளில் இருந்த எண்கள் என்னுடையவை, அவன் எழுதியதை நான் அழித்தேன் என்றேன். மேடத்தின் முகம் மாறியது. கோபம்தான் அது, அவர் மறைக்கவில்லை. பாண்டுரங் மட்டும் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, ‘அங்கிள், மேரா பாய் பி கர்தா தா’ என்றார். அவருடைய அண்ணனும் செய்தாராம். அந்தக் குழுவில் எல்லாரும் என்னைவிட வயதில் சின்னவர்கள், மாத்திரையில் இருக்கிறவர்கள், ஆனால் அன்று ஆறுதல் சொல்லப்பட்டவன் நான்தான்.

அவன் உண்மையில் என்ன எழுதியிருந்தான் என்று மேடம் கேட்டார். எனக்கு எல்லாம் மனப்பாடம். டீ, சைபர், இரண்டு. பெஞ்ச், சைபர், ஒன்று. வாழைப்பழம், ஒன்று, இரண்டு. நான் சொல்லச் சொல்ல மேடம் பலகையில் எழுதினார். எழுதி முடித்ததும் இரண்டு எண் வரிசையையும் விரலால் தொட்டுக் காட்டினார். ‘ஒரு வாரம்கூட முன்னாடி எழுதினதைவிடப் பின்னாடி எழுதினது கம்மியா இல்லை பாருங்கோ. சைபர்னு நெனச்சுண்டு போயிருக்கான், ரெண்டோட வந்திருக்கான். நாங்க இங்க சொல்லித்தர மொத்தப் பாடமும் இதான் மாமா. அதைப் போய் அழிச்சுட்டேளே’ என்றார்.

அன்று மாலை மேடம் நம் வீட்டுக்கு வந்து, உன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் செய்ததை என் வாயாலேயே உன்னிடம் சொல்ல வைத்தார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். பிறகு திரும்பினாய். ‘அந்த ரெண்டு என்னோடதுப்பா. ஒம்பது வருசத்துல எனக்குன்னு வந்த மொத ரெண்டு’ என்றாய். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை நீ குழுவுக்கு வந்தாய். படி பழையபடி கீழே இறங்கியது. ஒரு வாரம் சுனாபட்டி ஸ்டேஷன் வரை. ஒரு வாரம் டிக்கெட் எடுப்பது மட்டும். பிறகு பாண்டுரங்கோடு வாஷி வரை போய் ஒரு வடாபாவ் தின்றுவிட்டுத் திரும்புவது. ‘இந்த சீட் காலியா’ என்று கேட்பதை நாற்காலிகளை ரயில் பெட்டி மாதிரி போட்டு ஹாலிலேயே பழகினீர்கள். ஐரோலி போய்ச் சேர உனக்கு ஏழு மாதம் ஆனது. அன்று உன் தாளில் முன்னால் இரண்டு, பின்னால் நாலு. முன்னால் என்ற கட்டத்தில் அதுவரை உனக்கு இரண்டு விழுந்ததே இல்லை. நான் தொடவில்லை. உன் அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சரி, சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். குரல் வரவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிடாதே. குரல் வராததே மாத்திரையால்தான். தூக்கம் அதிகம் வருகிறது, கை நடுங்குகிறது என்றால் டாக்டரம்மாவிடம் சொல், நீயாகக் குறைக்காதே. கேன்டீன் சேட் கத்துகிற ஆள் என்று உன்னோடு அறையில் இருக்கும் பாண்டுரங் சொன்னார். கத்துகிறவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்று நினைக்காதே; நான் பதினான்கு பேரைப் பார்த்துக் கத்தியவன், பாதி நேரம் எனக்கே காரணம் தெரியாது. ஒருநாள் எழுந்திருக்க முடியவில்லை என்றால் பாண்டுரங்கிடம் முடியவில்லை என்று வாயால் சொல். சைபர் வந்தால் சைபர் என்றே எழுது. எங்களுக்கு போன் பண்ணும்போது நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லாதே. அப்பாவைச் சந்தோஷப்படுத்த நீ எண்ணைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தால், நான் செய்த அதே காரியத்தை நீ எனக்குச் செய்கிறாய் என்று அர்த்தம்.

குடும்பத்தாரை அழைத்த கூட்டம் ஒன்று நடந்ததே, நீ கிளம்புவதற்கு முந்தின மாதம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. மேடம் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்? பாண்டுரங்கின் அண்ணன் கிரிக்கெட் என்றார். உன் அம்மா சற்றும் யோசிக்காமல், மத்தியானம் கதவைப் பூட்டிக்கொண்டு பழைய புடவையை எல்லாம் எடுத்து மடித்து வைக்கப் பிடிக்கும் என்றாள். எனக்கு அது அன்றுதான் தெரியும். என் முறை வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘வேலை’ என்றேன். அது செய்யவேண்டியது, பிடித்தது என்ன என்றார் மேடம். அறுபத்தேழு வயதில் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பின் வரிசையில் இருந்து நீ சொன்னாய். ‘அப்பாவுக்கு டபுள் டெக்கர் பஸ்ல மேல, முன்னாடி சீட்டு கெடச்சா பிடிக்கும். சின்னப்புள்ளைல என்னையக் கூட்டிட்டுப் போவாரு. அப்ப மட்டும் சிரிப்பாரு.’ ஒரு மனிதன் சுவரைப் பார்த்து ஒன்பது வருஷம் படுத்திருந்தான், அவன் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் நாளில் நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு தாளை என் கையில் கொடுத்தாய். அதே தாள். முதல் கட்டத்தை நீயே உன் சாய்ந்த எழுத்தில் நிரப்பியிருந்தாய். ‘டபுள் டெக்கர், சனிக்கிழமை.’ ‘குர்லா ஸ்டேஷன்ல இருந்து பாந்திரா போவுதுப்பா. ஏசி பஸ். நான் விசாரிச்சு வச்சிட்டேன். முன்னாடி நம்பர் இப்பவே எழுதுங்க’ என்றாய். நீ வீட்டை விட்டுப் போகிற நேரத்தில் பஸ்ஸாவது, ஒன்றாவது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. சைபர் என்று அழுத்தி எழுதினேன், பென்சில் முனை உடைந்தது. நீ பார்த்துவிட்டு, ‘சரி, அது ஒங்க நம்பர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாய். நான் பால்கனிக்குப் போகவில்லை. உன் அம்மா போனாள்.

முதல் சனிக்கிழமை போகாமல் விட்டேன். நேற்று அடுத்த சனிக்கிழமை. உன் அம்மாவுக்கு மூட்டுவலி, பஸ்ஸில் மேலே ஏறமாட்டாள், அதனால் தனியாகத்தான் போனேன். போகத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை, முத்து. சட்டையை மாட்டிவிட்டு நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ சொல்வாயே, கால் வரவில்லை என்று, எனக்கும் வரவில்லை. உன் அம்மா ஒன்றும் சொல்லாமல் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டாள். குர்லாவில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன், முன் சீட்டு வேண்டும் என்று. கிடைத்தது. கண்ணாடி முழுவதும் வானம். பெரிய கட்டிடங்களுக்கு நடுவே போகும்போது ஓரிடத்தில் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாராவி தெரிந்தது. நம் பட்டறைக் கூரை எது என்று தேடினேன். எல்லாக் கூரையும் நீலத் தார்ப்பாய்தான், கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் நீ கேன்டீனில் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன், இல்லை ஒருவேளை படுத்திருப்பாயோ என்றும் நினைத்தேன். போனைக் கையில் எடுத்தேன். பையில் போட்டுக்கொண்டேன். மரக்கிளை ஒன்று கண்ணாடியில் படார் என்று அடித்தது. நான் தலையைக் குனிந்துவிட்டேன், பின்னால் இருந்த ஒரு அம்மாள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் தாளை விரித்தேன். எட்டு என்று எழுதத்தான் கை போனது. நீ பார்ப்பாய், மேடத்திடம் காட்டுவாய், அப்பா தேறிவிட்டார் என்று சந்தோஷப்படுவாய், அங்கே நிம்மதியாக இருப்பாய். எனக்கு அந்தப் புத்தி போகாது போலிருக்கிறது. ரப்பரை எடுத்து உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, அந்த மரக்கிளையை ஒருதரம் நினைத்துப் பார்த்தேன். பிறகு எழுதினேன். தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். முன்னால் சைபர், பின்னால் இரண்டு. உள்ளபடியே இரண்டுதான்.

அப்பா